மழை விடும் வாரம்

ராட்டினம் ஏற எந்த மாதம் நல்ல மாதம் என்று காரைக்காலில் யாரைக் கேட்டாலும், வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கணக்கோடு சொல்வேன். மராமத்து ஆபீசில் நான் மழை அளக்கிற குமாஸ்தா. ஆபீசுக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட ஒரு சதுரம், அதன் நடுவே ஒரு மழைமானி, அதற்குப் பொறுப்பு நான். தினமும் காலை எட்டு மணிக்கு உள்ளே இருக்கிற பாட்டிலை எடுத்து, தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். பிரெஞ்சுக்காரன் ஊர் என்பதால் மில்லிமீட்டர். எல்லையில் ஓடுகிற நண்டலாற்றைத் தாண்டினால் அதே மழை இஞ்ச் ஆகிவிடும்.

எட்டு மணி என்றால் எட்டு மணிதான். இதை யாரும் ஒரு வேலையாக மதிக்கவில்லை, அது வேறு விஷயம். ஒருமுறை எனக்கு விஷக்காய்ச்சல் வந்து பதினோரு நாள் எழுந்திருக்க முடியவில்லை. பியூன் முத்தையனை எழுதச் சொல்லியிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் படுபாவி ஐந்து, பத்து, பதினைந்து என்று ஐந்தைந்தாகவே மழையைப் பெய்ய வைத்திருக்கிறான். பாட்டிலைத் தொட்டே பார்க்கவில்லை. அன்றைக்கு அவனிடம் போட்ட சண்டையில் மேலதிகாரியே வெளியில் வந்து எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு ராத்திரிகூட நான் வெளியூரில் தங்கியதில்லை. தங்கினால் மறுநாள் எட்டு மணிக்கு யார் பார்ப்பது?

என் மகள் அமுதம் என்னோடு இல்லாததற்கும் இதுதான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். முழுக்க அப்படி இல்லை. அவளுக்கு மூன்று வயதாகும்போது என் மனைவி மங்கையர்க்கரசி மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். மாயவரத்தில் இருந்து அவளுடைய அண்ணன் காத்தமுத்து வந்து காரியமெல்லாம் முடிந்ததும், "ஒரு வருஷம் புள்ள எங்ககிட்ட இருக்கட்டும் மாப்புள்ள, நீங்க கொஞ்சம் தெளிஞ்சு வாங்க" என்று தூக்கிக்கொண்டு போனார். நான் தெளியவில்லையா, அவர்கள் திருப்பித் தரவில்லையா, தெரியாது. அந்த ஒரு வருஷம் ஏழு வருஷமாயிற்று. பொங்கலுக்கும் வருஷப் பிறப்புக்கும் தீபாவளிக்கும் காலையில் போய்ச் சாயந்திர பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள். நான் படிப்பைப் பற்றிக் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது.

அப்போதுதான் ராட்டினம் வந்தது. 1952 புரட்டாசியில், அரசலாறு கடலில் சேருகிற மணலில் பொருட்காட்சி போட்டார்கள். குதிரை ராட்டினம், மாயக் கண்ணாடி, கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன், எல்லாவற்றுக்கும் மேலே தென்னை மரத்தைவிட உயரமாக ஒரு பெரிய ராட்டினம். மழைக்காலத்தில் எந்த மடையன் பொருட்காட்சி போடுவான் என்று விசாரித்தேன். நல்ல மாதங்களில் அந்தக் கம்பெனி திருச்சிக்கும் மதுரைக்கும் போய்விடுமாம். எங்கள் ஊருக்கு மிஞ்சியது புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. இனிமேல் வருஷா வருஷம் இந்த மூன்று மாதம் இங்கேதான் என்று சொன்னார்கள்.

அந்த வாரமே மாயவரம் போனேன். காத்தமுத்துவின் மனைவி லோகாம்பாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் நல்லவள், ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறவள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்கண்ணே. மூணு நாள் வச்சிருந்து அனுப்புங்க. எந்த மாசம்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆனா தள்ளிப் போடாதீங்க. வளர்ற பொண்ணு. பெரியவளாயிட்டா அப்புறம் உங்க மச்சான் வாசப்படி தாண்ட விடமாட்டாரு. பொம்பள இல்லாத வீட்டுக்கு எப்படி அனுப்புறதும்பாரு" என்றாள்.

எனக்குக் காது நன்றாகவே கேட்கும். அவளுக்குப் பத்து வயதுதானே என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ராட்டினம் இல்லாமலே கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வாய் வரவில்லை. வெறும் வீட்டுக்கு வா என்று ஒரு குழந்தையை எப்படிக் கூப்பிடுவது? இரண்டு அறை, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சாயந்திரமானால் பேச ஆள் இல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதன். அங்கே வந்து அவள் என்ன செய்வாள்? ராட்டினம் இருந்தால் அதைக் காட்டிக் கூப்பிடலாம். ராட்டினத்துக்காக வந்தவள் ராத்திரி என் வீட்டில்தானே தூங்க வேண்டும். அதற்காகவே மதார் சாகிப் கடையில் ஒரு சின்னத் தலையணையும் பூப்போட்ட உறையும் வாங்கினேன். மதார் சாகிப் எனக்குப் பக்கத்துத் தெரு, குடையும் துணியும் விற்கிறவர், இருபது வருஷப் பழக்கம்.

பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தேன். புரட்டாசியில் பகலெல்லாம் நல்ல வெயில், ஆனால் சாயந்திரம் நாலு மணிக்கு மேற்கே இடிக்கும். ராட்டினம் ஓடுவதே சாயந்திரம்தான். ஐப்பசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கார்த்திகையில்தான் நான் தேடியது கிடைத்தது. பதினைந்து வருஷத்தில் பதினோரு வருஷம், கார்த்திகை நடுவில் ஒரு வாரம் மழை விட்டிருக்கிறது. இதை ஊரில் எவனும் கவனித்ததில்லை. மழை விடும் வாரம் என்று நானே அதற்குப் பெயர் வைத்தேன். கார்த்திகை பதினான்காம் தேதி சனிக்கிழமை வந்து அழைத்துப்போகிறேன் என்று மாயவரத்துக்குக் கடிதம் எழுதினேன்.

அந்தச் சனிக்கிழமை விடியும்போதே கடல் பக்கம் கறுத்துவிட்டது. நான் போகவில்லை. மறுநாள் அடித்த புயலை டெல்டாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். நான் கம்பி வேலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்று அந்த எட்டு மணியையும் தவறவிடாமல் அளந்தேன். அளக்கும்போது கை வழுக்கி அளவுக் கண்ணாடியின் அடிப்பக்கம் விரிசல் விட்டுவிட்டது. ராட்டினத்தின் கூடைகள் ஆற்று மணலில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று கிடந்தன. பிள்ளையை அழைத்து வராதது நல்லதாகப் போயிற்று என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்குப் போனபோது ஆபீசில் கழித்துப் போட்ட அந்த விரிசல் விட்ட கண்ணாடியை எடுத்துப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று கேட்டால் பதில் இல்லை. வேறு ஒன்றும் கையில் இல்லை, அதுதான். அமுதம் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எட்டு மணிக்குத்தானேப்பா பாக்கணும்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மறு தடவை போனபோது அவள் கொல்லையில் ஒரு நொண்டி முக்காலியில் மண்ணெண்ணெய்க் கடைப் புனலைக் காலி மருந்துப் பாட்டிலில் சொருகி வைத்திருந்தாள். தினமும் எட்டு மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுகிறாள் என்று லோகாம்பாள் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் புனலுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மானியின் வாய் அகலத்துக்கு ஏற்றபடி கோடு போட்ட கண்ணாடி அது. வேறு புனல் வைத்தால் வருகிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இதை அவளிடம் சொல்லவும் செய்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு முக்காலியை நேராக்கி வைத்தாள்.

அடுத்த வருஷமும் ராட்டினம் வந்தது. இந்தத் தடவை கார்த்திகையை நம்பவில்லை. ஐப்பசி பிறக்கும்போது, பெருமழை தொடங்குவதற்கு முன்னால், பூஜை விடுமுறை மூன்று நாளும் தோதாக வந்தது. எழுதிப் போட்டேன். வரச் சொல்லிப் பதிலும் வந்தது. முதல்நாள் சாயந்திரம் கொண்டல் காற்று திரும்பியது. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரில் ஏறியது. நிலாவைச் சுற்றி வட்டம். எனக்குக் கார்த்திகைப் புயல் நினைவுக்கு வந்துவிட்டது. மறுநாள் முதல் பஸ் கண்டக்டரிடம், மழை வரும்போல இருக்கிறது, பிள்ளையைத் தயார்செய்ய வேண்டாம் என்று மாயவரத்துக்குச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று நாளும் வெயில் காய்ந்தது. சும்மா இல்லை, மண்டையைப் பிளக்கிற வெயில். பதிவேட்டில் மூன்று பூஜ்யம். மூன்றையும் நான்தான் எழுதினேன்.

மூன்றாம் நாள் மதார் சாகிப் கடையில் போய் உட்கார்ந்தேன். அவர் தன் பேரப்பிள்ளைகளை முந்தின வருஷம் கொட்டுகிற மழையில் தலையில் துண்டைப் போட்டு ராட்டினத்துக்கு அழைத்துப் போனவர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுக் குடைக்கம்பியை நிமிர்த்திக்கொண்டே சொன்னார்.

"பாலகுரு, பொண்ணு பாக்க மாசம் பாப்பாங்க, வீடு குடிபோக மாசம் பாப்பாங்க. பெத்த புள்ளையப் பாக்க மாசம் பாக்குற ஆள் ஊர்ல நீங்க ஒருத்தர்தான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குடை விற்கிறவருக்கு மழை பெய்தால் லாபம், அப்படித்தான் பேசுவீர் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ஒரு மாதம் அவர் கடைப் பக்கம் போகவில்லை. ஆனால் அவர் சொன்னது வீட்டுக்கு வந்தும் போகவில்லை. பூப்போட்ட உறை போட்ட தலையணை பாயின் மேல் அப்படியே கிடந்தது.

1954-ல் எல்லையில் கெடுபிடி வந்தது. பிரெஞ்சுக்காரன் போவானா இருப்பானா என்ற இழுபறி. சித்திரைக்குப் பிறகு அனுமதிச் சீட்டு இல்லாமல் நண்டலாற்றைத் தாண்ட முடியாது. சர்க்கார் குமாஸ்தாவுக்குச் சீட்டு கேட்டால் சந்தேகமாகப் பார்த்தார்கள். ஏழு மாதம் அமுதத்தை நான் பார்க்கவில்லை. அந்தத் தீபாவளிக்கு நான் எண்ணெய்கூடத் தேய்த்துக்கொள்ளவில்லை. யாருக்காகத் தேய்த்துக்கொள்வது?

நவம்பர் முதல் தேதி கொடி மாறியது. ஊரே தெருவில் நின்றது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள், நானும் சந்தோஷப்பட்டேன், ஆனால் என் சந்தோஷம் வேறு. இனி நண்டலாற்றில் யாரும் சீட்டு கேட்கமாட்டார்கள். நாலாம் தேதி ராட்டினக் கம்பெனியும் கொடி, தோரணத்தோடு வந்து இறங்கியது. ஐப்பசி நடு. என் பதிவேட்டின்படி இதைவிட மோசமான நாட்கள் வருஷத்தில் கிடையாது. பரவாயில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், அமுதத்தைத் தயாராக இருக்கச் சொல்லுங்கள் என்று எழுதிவிட்டேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அளந்தால் நாற்பத்தொன்று. அளந்துகொண்டிருக்கும்போதே பெய்கிறது. பஸ் நிலையம் வரை போனேன். குடைக்குள் நின்றுகொண்டு, இந்த மழையில் அழைத்து வந்து என்ன செய்வது, ராட்டினம் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும், பிள்ளை ஏமாந்துபோய் அந்த இருட்டு அறையில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்றெல்லாம் யோசித்தேன். அவள் ஏமாந்த முகத்தை மூன்று நாள் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் மழைக்கு நான் பயப்பட்டதே இல்லை, இதற்குத்தான் பயந்தேன். பஸ் கிளம்பிப் போயிற்று. நான் வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எட்டு மணிக்கு அளந்து எழுதிவிட்டு, லீவு சொல்லிவிட்டு ஒன்பது மணி பஸ் பிடித்தேன். தலையணை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கோட்டுச்சேரி தாண்டி நண்டலாற்றுப் பாலம் வந்தது. பஸ் நிற்கவே இல்லை. சுங்கச் சாவடியில் ஓர் ஆடு படுத்திருந்தது. எனக்குச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. மாயவரத்துக்குள் நுழையும்போது காவிரிக்கரையில் ஒரே கூட்டம், கடைகள், நடுவில் இரண்டு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் ஊர் ராட்டினம் இதைவிடப் பெரியது என்று நினைத்துக்கொண்டேன். வேறொன்றும் நினைக்கவில்லை, அதுதான் என் புத்தி.

காத்தமுத்து வீட்டு வாசலில் பச்சைத் தென்னை ஓலை குவித்துக் கிடந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளைப் போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்துதானே மாப்புள்ள காயிதம் போட்டேன். அதுக்குள்ள வந்துட்டீங்களே" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. ஓலையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்களில் பெண் பெரியவளானால் தாய்மாமன் பச்சை ஓலை வெட்டிக் குச்சுக் கட்டுவான். பதினாறு நாள் அவள் அதற்குள்தான் இருக்க வேண்டும், ஆண்கள் முகத்தில் விழிக்கக் கூடாது. அப்பனும் ஆண்தான். கொல்லையில் குச்சைக் கட்டி முடித்துவிட்டு, ஒழுகுகிற இடத்துக்கு வைக்க அவர் இன்னும் ஓலை சீவிக்கொண்டிருந்தார். என் கையில் அவளுடைய துணிமணிக்காகக் கொண்டுவந்த காலிப் பை இருந்தது. அதை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

லோகாம்பாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திங்கட்கிழமை காலையில் என்று சொன்னாள். நான் கேட்காமலே மற்றதையும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம விடியக்காலமே குளிச்சுத் தல பின்னிட்டு, பையத் தூக்கி வாசப்படியில வச்சிட்டு உக்காந்துட்டாண்ணே. சாப்பிடக்கூட எந்திரிக்கல. கடைசி பஸ்ஸும் போனப்புறந்தான் உள்ள வந்தா."

நான் தண்ணீரைக் குடித்தேன். திங்கட்கிழமை வந்திருந்தால்கூட முடிந்து போயிருக்கும். ஞாயிறு வந்திருந்தால் அவள் என் வீட்டில் இருந்திருப்பாள். பதினேழு வருஷம் மழையை எண்ணினவனுக்கு ஒரு நாளை எண்ணத் தெரியவில்லை. அந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதிருப்பேன், நல்ல காரியம் நடக்கிற வீடு என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சாப்பாடு ஆனதும் லோகாம்பாள் கொல்லைத் தாழ்வாரத்தில் ஒரு மணை போட்டாள். குச்சுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசலாம், தப்பில்லை என்றாள். உட்கார்ந்தேன். எதிரே முக்காலியும் புனலும் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் ஓலை சரசரத்தது.

"அப்பா" என்றாள்.

"வந்துட்டேம்மா."

"ம்."

வழக்கம்போல எங்களுக்குப் பேச்சு ஓடவில்லை. படிப்பைப் பற்றிக் கேட்க முடியாது, இனிப் பள்ளிக்கூடம் கிடையாது. கடைசியில் எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னேன். ராட்டினம் வந்திருக்கிறது, ரொம்பப் பெரிசு, உச்சியில் போனால் கடல் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மழையாக இருந்தது, நீ நனைந்துவிடுவாயே, ஏமாந்துவிடுவாயே என்றுதான் வரவில்லை என்றேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.



"ராட்டினம் இங்கயே வருதேப்பா. கடைமுகத்துக்கு வருஷா வருஷம் வரும். மாமா நாலஞ்சு தடவ ஏத்திவிட்டிருக்காங்க."

ஐப்பசி கடைசியில் மாயவரத்துக் காவிரிக்கு ஊரெல்லாம் முழுக்குக்கு வரும், கடை வரும், ராட்டினம் வரும். அந்த ஊரில் பெண் எடுத்தவன் நான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

"பின்ன ஏம்மா வரேன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"மழ பெய்யணும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். மழ பெஞ்சா ராட்டினம் ஓடாதுல்ல. நம்ம வீட்டுலயே இருக்கலாம். காலையில உங்ககூட வந்து நீங்க அளக்குறதப் பாக்கலாம்."

நம்ம வீடு என்றாள். அந்த வார்த்தையை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஓலையின் அடியிலிருந்து ஒரு நோட்டு மெல்ல வெளியே வந்தது. கையைப் பார்க்கக் கூடாது என்று நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அதை எடுத்தேன்.

என் பதிவேட்டை அவள் பார்த்ததே கிடையாது, ஆனாலும் கோடெல்லாம் போட்டுத் தேதி, அளவு என்று எழுதியிருந்தாள். மூன்றாவதாகக் குறிப்பு என்று ஒரு பத்தி. என் பதிவேட்டிலும் குறிப்புக்கு ஒரு பத்தி உண்டு. பதினேழு வருஷமாக அதில் புயல் என்று ஒரே ஒருமுறை எழுதியிருக்கிறேன். அவளுடையதைப் புரட்டினேன். போன வருஷம் ஐப்பசியில் வரிசையாக மூன்று பூஜ்யம். அவற்றின் எதிரே, "வெயில். அப்பா வரலை." "வெயில். அப்பா வரலை." "வெயில். அப்பா வரலை." தீபாவளிக்கு எதிரே, "அப்பாவை விடலை." போன ஞாயிற்றுக்கிழமைக்கு எதிரே அறுபது என்று எண், அதன் பக்கத்தில், "நல்ல மழை. அப்பா வரலை." திங்கட்கிழமையிலிருந்து ஒன்றும் எழுதவில்லை.

"மூணு நாளா நான் வெளிய போகக் கூடாதுன்னுட்டாங்க. அத்தைய பாக்கச் சொன்னா பாட்டில் பாதி இருக்குங்கிறாங்க" என்றாள். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு நீங்க பாத்துச் சொல்றீங்களாப்பா?"

நாளைக் காலை எட்டு மணிக்கு நான் காரைக்காலில் கம்பி வேலிக்குள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் முத்தையன் ஒன்று ஐந்து என்று எழுதுவான் இல்லை பத்து என்று எழுதுவான். ஐந்தரைக்குப் பஸ். நாலரைக்கு மேற்கே இடித்தது, ஐந்துக்குத் தூறல் போட்டது. காத்தமுத்து குடையை எடுத்துக்கொண்டு, கிளம்புங்க மாப்புள்ள, நனையாமக் கொண்டாந்து விடுறேன் என்றார். இன்றைக்கு இங்கே தங்கிக்கொள்கிறேன் மச்சான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டார் என்பது தெரிந்தது.

இப்போதே சொல்லிவிடுகிறேன். அமுதம் என் வீட்டுக்கு ஒரு நாளும் வந்து தங்கவில்லை. பதினெட்டாவது வயதில் திருச்சியில் கட்டிக்கொடுத்தார்கள். தலையணை உறையை அவளுக்குப் பிறந்த பிள்ளைக்குக் கொடுத்தேன். காரைக்கால் பதிவேட்டில் 1954 நவம்பர் பதினோராம் தேதிக்கு எதிரே ஒன்றும் கிடையாது. முத்தையன் எழுதி வைத்திருந்த பத்தை நான் அடித்துவிட்டேன். மேலதிகாரி கேட்டதற்கு, அன்றைக்கு நான் ஊரில் இல்லை என்று மட்டும் சொன்னேன்.

அந்த வியாழக்கிழமை காலை மழை விட்டு லேசாக வெயில் அடித்தது. காத்தமுத்து வீட்டுக் கடிகாரம் எட்டு அடிக்கும்வரை முக்காலி பக்கத்திலேயே நின்றேன். புனலை எடுத்து வைத்து, பாட்டிலில் இருந்ததைச் சிந்தாமல் விரிசல் விட்ட கண்ணாடியில் ஊற்றினேன். நோட்டைத் திரும்ப ஓலைக்கு அடியில் தள்ளினேன்.

"இருபத்திமூணு" என்றேன்.

"கண்ணுக்கு நேரா புடிச்சுப் பாத்தீங்களா?"

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. யாரைப் பார்த்து என்ன கேள்வி. குனிந்து, கண்ணுக்கு நேரே பிடித்துத் திரும்பப் பார்த்தேன்.

"இருபத்திரெண்டரை" என்றேன்.

ஓலைக்கு உள்ளே பென்சில் நகரும் சத்தம் கேட்டது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியோடு நின்றேன். இருபத்திரண்டரை என்று எழுத அவ்வளவு நேரம் ஆகாது.